நரியை விசாரிக்கட்டும் குழந்தைகள்

பாட்டி வடை சுட்ட கதையைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்க் குழந்தை அரிது. காக்கை வடையைத் தூக்கிக்கொண்டு மரத்தில் உட்காரும். நரி வந்து அதன் குரலைப் புகழும். காக்கை வாயைத் திறக்கும், வடை விழும். அந்த இடத்தில் ஒன்றாம் வகுப்பே கொல்லென்று சிரிக்கும். சிரிப்பு அடங்குவதற்குள் கரும்பலகையில் ஒரு வரி ஏறிவிடும்: ‘நீதி: புகழ்ச்சிக்கு மயங்காதே.’ பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். தேர்வில் ‘நரி எப்படிப்பட்டது?’ என்று கேட்டால் ‘தந்திரமானது’ என்று கோடிட்ட இடத்தை நிரப்புவார்கள். பாடம் முடிந்தது.

அந்தக் கடைசி வரிதான் கதையைக் கெடுக்கிறது என்கிறேன். தந்திரம் செய்யும் விலங்குகளின் கதைகளைத் தொடக்கப் பள்ளியில் அவசியம் சொல்ல வேண்டும். நன்னடத்தை போதிப்பதற்கு அவை அவ்வளவாக உதவாது. ஒருவர் வாயால் சொல்வதும் மனதில் வைத்திருப்பதும் வேறாக இருக்கலாம் என்பதை ஆறு வயதுப் பிள்ளை ஆபத்தில்லாமல் பழகிப் பார்க்கும் இடம் அவை. அந்த வேலை நடக்க வேண்டுமானால், தீர்ப்பை ஆசிரியர் எழுதிப்போடக் கூடாது. பிள்ளைகளே நரியை விசாரிக்க வேண்டும்.

இதைக் காலாப்பட்டை வைத்துப் பேசுவது பொருத்தம். புதுச்சேரி நகரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டு ஊர்களைத் தாண்டி மறுபடியும் புதுச்சேரிக்குள் நுழைகிற இடம் அது. பெரிய காலாப்பட்டு, சின்ன காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி என்று கடலோரம் மீனவக் குடியிருப்புகள். அங்கே கருவாடு காயப்போட்டுவிட்டு, கையில் குச்சியோடு காக்கையை விரட்டிக்கொண்டிருக்கும் ஆயாவைப் பார்க்காத பிள்ளை இருக்காது. அதே ஊரில்தான் 1985இல் தொடங்கப்பட்ட புதுவை மத்தியப் பல்கலைக்கழகமும் இருக்கிறது, மத்தியச் சிறையும் இருக்கிறது. காக்கை திருடும் கதையைக் கேட்கவும், திருட்டுக்கு என்ன தண்டனை என்று யோசிக்கவும், அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று ஆராயவும் வேண்டியதெல்லாம் சில கிலோமீட்டருக்குள் கிடைக்கிறது.

ரூசோவுக்கு வந்த கோபம்

பிரான்ஸில் அந்தக் காக்கையின் வாயில் இருப்பது பாலாடைக்கட்டி. கவிஞர் லா ஃபோன்தேன் 1668இல் வெளியிட்ட நீதிக்கதைப் பாடல்களின் முதல் புத்தகத்தில் அது இரண்டாவது கதை. பிரெஞ்சுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பாடல். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரிக்கு அது அந்நியமானதல்ல. 1826இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சுப் பள்ளி, லிசே என்ற பெயரில் இன்றும் கடற்கரைப் பக்கம் நடக்கிறது.

இந்தக் கதையைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள் என்று முதலில் உரக்கச் சொன்னவர் தத்துவ அறிஞர் ழான் ழாக் ரூசோ. 1762இல் வெளிவந்த ‘எமில்’ நூலின் இரண்டாம் பகுதியில், காக்கை நரிப் பாடலை எடுத்துக்கொண்டு வரிவரியாகக் குறுக்கு விசாரணை செய்கிறார். இந்தச் சொல் பிள்ளைக்குப் புரியுமா? நரி பேசுமா? பாலாடைக்கட்டியின் வாசனை அவ்வளவு தூரத்துக்கு வருமா? ஒருவன் இன்னொருவனை எதற்காகப் பொய்யாகப் புகழ்கிறான் என்பதை ஆறு வயதுப் பிள்ளைக்கு எப்படி விளக்குவீர்கள்? கடைசியில் அவர் வைக்கும் குற்றச்சாட்டு கூர்மையானது. பிள்ளைகள் காக்கையைப் பார்த்துச் சிரிப்பார்கள், நரியின் மேல்தான் ஆசை கொள்வார்கள். ஏமாறாதே என்று நீங்கள் சொல்லிக்கொடுக்க நினைத்தீர்கள், ஏமாற்றுவது எப்படி என்று அவர்கள் கற்றுக்கொண்டு போகிறார்கள்.

வகுப்பறையில் கதை சொன்ன எவருக்கும் ரூசோ சொன்னதன் முதல் பாதி உண்மை என்று தெரியும். ‘யார் நரியாக நடிக்கிறீர்கள்?’ என்று கேட்டால் முப்பது கைகள் உயரும். காக்கையாக இருக்க ஆள் தேட வேண்டும். பாட்டியாக இருக்க ஒருவரும் வருவதில்லை.

ஆனால் அதே நூலின் நான்காம் பகுதியில் ரூசோ இன்னொன்றும் சொல்கிறார். அதை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு. வளர்ந்த பையனுக்கு இந்தக் கதைகளைக் கொடுக்கலாம், கொடுக்கும்போது கடைசியில் ஒட்டியிருக்கும் நீதியை வெட்டிவிட்டுக் கொடுங்கள் என்கிறார். கதைக்குள்ளேயே நீதி இருந்தால் தனியாக எழுத வேண்டியதில்லை, இல்லாவிட்டால் எழுதிப் பயனில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். வயது விஷயத்தில் ரூசோவோடு எனக்குச் சண்டை உண்டு. இந்த விஷயத்தில் இல்லை.

நீதி வரி வேலை செய்கிறதா?

260 ஆண்டுகளுக்கு முன்னால் ரூசோ ஊகமாகச் சொன்னதை இப்போது சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டொரன்டோ பல்கலைக்கழகத்தின் காங் லீயும் அவருடைய குழுவினரும் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூன்று முதல் ஏழு வயது வரையிலான பிள்ளைகளிடம் ஒரு பொம்மையை வைத்து, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். பெரும்பாலான பிள்ளைகள் எட்டிப் பார்த்தன. பிறகு ஒரு கதை படித்துக் காட்டிவிட்டு, ‘எட்டிப் பார்த்தாயா?’ என்று கேட்டார்கள். பொய் சொன்னவன் ஓநாயிடம் மாட்டிக்கொண்ட கதையும், பொய் சொன்னதால் மூக்கு நீண்ட பினோக்கியோ கதையும் கேட்ட பிள்ளைகள் முன்பைவிட அதிகமாக உண்மை பேசிவிடவில்லை. செர்ரி மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு அப்பாவிடம் பாராட்டு வாங்கிய சிறுவன் வாஷிங்டனின் கதையைக் கேட்டவர்களிடம்தான் உண்மை கூடியது. பொய்க்கு விழுந்த அடியைக் காட்டியதைவிட, உண்மைக்குக் கிடைத்த மதிப்பைக் காட்டியது பலித்தது.

அதே டொரன்டோவில் 2017இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. பகிர்ந்து கொடுப்பது நல்லது என்று சொல்லும் ஒரே கதையை, மனிதப் பாத்திரங்களோடு ஒரு புத்தகமாகவும், சட்டை போட்ட விலங்குகளோடு இன்னொரு புத்தகமாகவும் நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினார்கள். மனிதக் கதையைக் கேட்ட பிள்ளைகள் தங்கள் ஸ்டிக்கர்களை முன்பைவிட அதிகமாகப் பகிர்ந்தார்கள். விலங்குக் கதை கேட்டவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

இரண்டு ஆய்வை வைத்து உலகத்தை அளந்துவிட முடியாது. ஆனால் ‘விலங்குக் கதை சொன்னால் பிள்ளை ஒழுக்கமாக வளரும்’ என்ற நம் பழைய நம்பிக்கைக்கு இவை துணைக்கு வரவில்லை. நீதி வரியை நாம் எழுதிப்போடுவது பிள்ளைகளுக்காக என்பதைவிட நம் மன நிம்மதிக்காக என்றுதான் தோன்றுகிறது. ஒரு திருட்டையும் ஒரு ஏமாற்றையும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்டு, வகுப்பை விட்டு எப்படி வெளியேறுவது என்ற சங்கடம் நமக்கு.

அப்படியானால் எதற்கு இந்தக் கதை?

1983இல் ஹைன்ஸ் விம்மர், யோசப் பெர்னர் என்ற இருவர் நடத்திய சோதனை உளவியலில் பேர்பெற்றது. ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்தவன் சாக்லேட்டை எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தை பெரும்பாலும் புதிய அலமாரியைத்தான் காட்டும். தனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்று அது நினைக்கிறது. நான்கு, ஐந்து வயதைத் தாண்டும்போதுதான் ‘அவனுக்குத் தெரியாதே, பழைய இடத்தில்தான் தேடுவான்’ என்ற பதில் வருகிறது. இன்னொரு மனதுக்குள் தவறான ஓர் எண்ணம் இருக்க முடியும் என்று கண்டுகொள்வது, பிள்ளை வாழ்க்கையில் எடுத்து வைக்கும் பெரிய அடிகளில் ஒன்று.

தந்திரக் கதை முழுக்க முழுக்க இந்த அடியின் மேல்தான் நிற்கிறது. காக்கைக்குப் பாட்டுக் கேட்க ஆள் வந்திருப்பதாக எண்ணம். நரிக்கு வேண்டியது வடை. காக்கை அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதும் நரிக்குத் தெரியும். கேட்கிற பிள்ளைக்கு மூன்றும் தெரியும். ஒரு வாக்கியத்தை, சொல்பவன் எதற்குச் சொல்கிறான் என்பதோடு சேர்த்துக் கேட்பதற்கு வாழ்நாள் முழுக்கத் தேவைப்படும் பயிற்சி இங்கே வடையளவில் கிடைக்கிறது. பிள்ளைகள் நரியாக நடிக்க முண்டியடிப்பது கெட்டுப்போனதால் அல்ல. எல்லாருடைய மனமும் தெரிந்த ஒரே பாத்திரம் நரிதான் என்பதால். ரூசோ பயந்த அந்த ஆசையையே நான் பாடத்தின் வாசலாகப் பார்க்கிறேன்.

இந்தப் பயிற்சி முன்னெப்போதையும்விட இப்போது தேவை. வீட்டில் ஒரு செல்போன் இருந்தால் போதும், நரியின் குரல் அதற்குள் வந்துவிடுகிறது. ‘உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது’, ‘நீங்கள் எங்கள் மதிப்புக்குரிய வாடிக்கையாளர்’ என்று தொடங்கி ஓடிபி எண்ணில் வந்து நிற்கும் அழைப்புகளைப் புகார் செய்ய 1930 என்ற தேசிய உதவி எண்ணே வைத்திருக்கிறார்கள். பெற்றோர் கடலுக்கோ வேலைக்கோ போன பிறகு அந்தப் போனை எடுப்பது பல வீடுகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைதான். ‘புகழ்ச்சிக்கு மயங்காதே’ என்று நூறு முறை எழுதிய கைக்கு அந்த நேரத்தில் அது நினைவுக்கு வராது. ‘இவர் ஏன் என்னிடம் இதைச் சொல்கிறார்?’ என்று கேட்டுப் பழகிய காதுக்கு வரும்.

மூன்று வகைத் தந்திரம்

நம் பாடப்புத்தகங்கள் எல்லாத் தந்திரத்தையும் ஒரே தட்டில் வைக்கின்றன. ‘நரி தந்திரமானது’, ‘முயல் புத்திசாலி’ என்று பெயரை மட்டும் மாற்றிப் போடுகின்றன. முயல் செய்ததும் ஏமாற்று வேலைதானே என்று ஒரு பிள்ளை கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது. அந்தக் கேள்வியிலிருந்துதான் பாடம் தொடங்க வேண்டும். அதற்குக் கதைகளை மூன்று படியாக அடுக்கலாம்.

முதல் படி, உயிர் பிழைக்கச் செய்யும் தந்திரம். நாளுக்கு ஒரு விலங்கு என்று தின்றுகொண்டிருந்த சிங்கத்துக்குக் கிணற்றில் அதன் நிழலைக் காட்டிய முயல். ஈரலை மரத்திலேயே மறந்து வைத்துவிட்டேன் என்று முதலையிடம் சொல்லிக் கரையேறிய குரங்கு. உலகம் முழுக்க இந்த வகைக் கதையின் நாயகன் சிறியவன்தான். மலேசியாவில் முதலைகளை வரிசையாக நிற்கவைத்து, எண்ணுவதுபோல் அவற்றின் முதுகில் தாவி ஆற்றைக் கடந்த சருகுமான் சாங் கஞ்சில். மேற்கு ஆப்பிரிக்காவின் அனன்சி சிலந்தி. அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்கள் இரவில் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட முயல் கதைகள். பலம் முழுக்க எதிரியிடம் இருக்கும்போது பேச்சு ஒன்றுதான் கையில் மிஞ்சுகிறது. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு இவை போதும். சின்ன உருவம் பெரிய உருவத்தை வெல்வதில் அந்த வயதுக்கு ஒரு நியாயமான சந்தோஷம் இருக்கிறது.

இரண்டாம் படி, வயிற்றுக்கும் ஆசைக்கும் செய்யும் தந்திரம். வடைக் கதை இங்கே வரும். வால் போய்க் கத்தி வந்தது, கத்தி போய் விறகு வந்தது என்று பண்டமாற்றிலேயே ஊரை ஏய்த்துக் கடைசியில் மத்தளம் கொட்டும் குரங்கின் கதையும் இங்கே வரும். இதில் யார் பக்கம் நிற்பது என்று பிள்ளைக்குக் குழப்பம் வரும், வரட்டும். புத்த ஜாதகக் கதைகளில் ஒன்று இந்தக் குழப்பத்தை இன்னும் இறுக்குகிறது. நாவல் மரத்தில் பழம் தின்றுகொண்டிருக்கும் காக்கையை நரி புகழ்கிறது. காக்கை பதிலுக்கு நரியைப் புகழ்ந்து, மரத்தை உலுக்கிப் பழத்தை உதிர்க்கிறது. இருவரும் மனமொத்துப் பொய் பேசிக்கொள்கிறார்கள், ஏமாந்தவர் யாரும் இல்லை. மரத்துத் தேவதைதான் பொறுக்காமல் இருவரையும் விரட்டுகிறது. வடைக் கதைக்கு அடுத்த நாள் இதைச் சொல்லி, ‘இந்தக் காக்கை ஏமாந்ததா?’ என்று மூன்றாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரத்துக்கு வகுப்பு ஓயாது.

மூன்றாம் படி, அதிகாரத்துக்குச் செய்யும் தந்திரம். பஞ்சதந்திரத்தின் முதல் தந்திரமே இதுதான். சிங்கமும் எருதும் நண்பர்களாக இருப்பது தமனகன் என்ற நரிக்குப் பொறுக்கவில்லை. இங்கே ஒன்று அங்கே ஒன்று சொல்லி இருவரையும் மோதவிட்டு, எருதின் பிணத்தின் மேல் மந்திரிப் பதவியில் உட்கார்கிறது. அதற்குத் தண்டனை கிடையாது, கதை அதோடு முடிகிறது. நான்காம், ஐந்தாம் வகுப்பில் கோள்மூட்டலும் கூட்டுச் சேர்தலும் பிள்ளைகளின் அன்றாடம் ஆகிவிடுகின்றன. அவர்களுக்குத் தமனகன் புதியவன் இல்லை.

திம்னாவின் வழக்கு

தமனகன் தப்பித்துக்கொண்டது பலரை உறுத்தியிருக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் பாரசீக மன்னன் குஸ்ரோவின் காலத்தில் பர்சோய் என்ற மருத்துவர் இந்தக் கதைகளைப் பகலவி மொழிக்குக் கொண்டுபோனார். எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா அதை அரபியில் ‘கலீலா வ திம்னா’ என்று எழுதினார். பஞ்சதந்திரத்தின் இரண்டு நரிகளான கரடகனும் தமனகனும்தான் அந்தப் பெயர்கள். அரபி நூலில் புதிதாக ஓர் அத்தியாயம் சேர்ந்திருக்கிறது. திம்னாவைப் பிடித்து வந்து விசாரிக்கிறார்கள். சாட்சிகள் வருகிறார்கள், நரி தனக்காகச் சாமர்த்தியமாக வாதாடுகிறது, கடைசியில் தண்டனை விழுகிறது. கதையை வெட்டவோ மழுப்பவோ இல்லை. அடியில் ஒரு நீதி வரியை ஒட்டிவிட்டு நகரவும் இல்லை. ஒரு வழக்கு நடத்தினார்கள்.

அரபியிலிருந்து பாரசீகம் வழியாக இந்தக் கதைகள் 1644இல் பிரெஞ்சுக்கு வந்தன. லா ஃபோன்தேன் 1678இல் வெளியிட்ட இரண்டாம் தொகுப்பின் முன்னுரையில், இந்திய ஞானி பில்பேவுக்குத் தான் கடன்பட்டிருப்பதை ஒப்புக்கொண்டார். 1792இல் புதுச்சேரி மிஷனுக்கு வந்து, பிறகு மைசூர்ப் பக்கம் பல ஆண்டுகள் இருந்த அபே துபுவா, ‘ஐந்து சூழ்ச்சிகள்’ என்று தலைப்புக் கொடுத்து பஞ்சதந்திரத்தை 1826இல் பாரிஸில் வெளியிட்டார். கூடவே பரமார்த்த குருவையும் சேர்த்துக்கொண்டார். அதே 1826இல் சென்னையில் தாண்டவராய முதலியார் மராட்டியிலிருந்து தமிழாக்கிய பஞ்சதந்திரக் கதை அச்சேறியது. 2020 தேசியக் கல்விக் கொள்கை, பஞ்சதந்திரத்தையும் ஜாதகத்தையும் பிள்ளைகள் படிக்க வேண்டும், உலக இலக்கியத்தில் அவை பதித்த தடத்தையும் அறிய வேண்டும் என்கிறது. அதற்குப் புதுச்சேரியைவிடப் பொருத்தமான வகுப்பறை நாட்டில் எங்கே இருக்கிறது?

திம்னாவின் வழக்கை வகுப்பறையில் நடத்துவது சிரமமில்லை. காலாப்பட்டுப் பிள்ளைகளுக்கு அதன் வடிவம் ஏற்கெனவே தெரியும். சோழ மண்டலக் கடற்கரை மீனவ ஊர்களில் வலைத் தகராறு முதல் குடும்பத் தகராறு வரை ஊர்ப் பஞ்சாயத்தில் பேசித் தீர்ப்பது இன்றும் வழக்கம். அந்தப் பஞ்சாயத்துகளின் மேல் விமர்சனங்கள் உண்டு. பெரும்பாலும் பெண்கள் அதில் உட்காருவதில்லை. வகுப்பறைப் பஞ்சாயத்தில் பெண் பிள்ளைகள் நாட்டாராகவே உட்காரலாம்.

வழக்கைக் கொண்டுவர வேண்டியவர் பாட்டி. இத்தனை தலைமுறையாக நாம் மறந்தே போனது அவரைத்தான். முதலீடு போட்டு, எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்து, வடையைப் பறிகொடுத்தவர் அவர். புகழ்ச்சிக்கு மயங்காதே என்ற நீதி, திருடிய காக்கைக்கு நாம் சொல்லும் ஆறுதல். பாட்டிக்கு அதில் ஒரு வார்த்தையும் இல்லை. காலாப்பட்டில் இந்தக் கதையைச் சொல்பவர் வடைக்குப் பதில் கருவாடு என்றே சொல்லலாம். அப்போது அந்த நஷ்டம் என்ன என்று எந்தப் பிள்ளைக்கும் விளக்க வேண்டியதில்லை.

விசாரணையில் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள். நரி சொன்னது பொய்யா? ‘உன் குரல் இனிமை’ என்பது ஒரு கருத்துதானே, அது எப்படிக் குற்றமாகும்? காக்கை திருடியதை நரி திருடினால் அது திருட்டா? காக்கைக்குக் குஞ்சுகள் பசியோடு இருந்திருந்தால்? வடை இப்போது யாருக்குப் போக வேண்டும்? முயல் சிங்கத்தை ஏமாற்றியபோது கைதட்டிய நாம் நரிக்கு மட்டும் ஏன் தண்டனை கேட்கிறோம்? கடைசிக் கேள்விக்கு ஏழு வயதுப் பிள்ளை திக்கித் திணறிச் சொல்லும் பதில் எதுவானாலும், அது கரும்பலகையிலிருந்து எழுதிக்கொண்ட நீதியைவிட உயர்ந்தது. ஆளுக்கும் சூழலுக்கும் தக்கபடி ஒரே செயல் வேறு வேறு எடை பெறுகிறது என்பதை அது தானாகவே தொட்டுவிட்டது.

கதை சொல்லும் முறையிலும் ஓரிரு மாற்றம் போதும். வடை விழுவதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்தி, ‘காக்கை இப்போது என்ன நினைக்கிறது? நரி என்ன நினைக்கிறது?’ என்று கேட்க வேண்டும். நரியின் புகழ்ச்சியை ஆசிரியர் உண்மையாகவே புகழ்வதுபோல் சொல்ல வேண்டும். கேட்கிற பிள்ளைக்கே ஒரு கணம் வாயைத் திறக்கத் தோன்றினால்தான் காக்கையின் மேல் இரக்கம் வரும். நரிக் குரலைக் கோமாளித்தனமாக மாற்றிப் பேசினால், ஏமாற்றுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள் என்று பிள்ளை தப்பாகக் கற்றுக்கொள்ளும். வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு பாடிய கெட்டிக்காரக் காக்கையின் மறுகதை இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதற்கடுத்து நரி என்ன செய்திருக்கும் என்று அவர்களையே தொடரச் சொல்லலாம்.

கி.ரா. விட்டுச் சென்றது

காலாப்பட்டில் இருக்கும் பல்கலைக்கழகம்தான் கரிசல் காட்டு எழுத்தாளர் கி. ராஜநாராயணனை நாட்டுப்புறவியல் பேராசிரியராக அழைத்துவந்தது. பள்ளிப் படிப்பை முடிக்காத ஒருவரைக் கதைகளுக்காகப் பேராசிரியர் ஆக்கிய துணிச்சலான முடிவு அது. 2021 மே மாதம் மறையும்வரை அவர் புதுச்சேரியிலேயே வாழ்ந்தார். தெற்கத்திக் கதைகளோடு புதுவை வட்டாரக் கதைகளும் அவர் முயற்சியில் தொகுக்கப்பட்டன. அந்தத் தொகுப்புகளைப் புரட்டினால் ஒன்று கண்ணில் படும். மக்கள் சொல்லும் கதைகளுக்கு அடியில் நீதி என்று ஒரு வரி கிடையாது. கதை சொன்ன ஆயா, கேட்ட பிள்ளை ‘அப்புறம்?’ என்று கேட்டால் இன்னொரு கதை சொல்வார், விளக்கம் சொல்ல மாட்டார்.

அந்தக் கதைகளுக்கும் அதே ஊரின் தொடக்கப் பள்ளிக்கும் இடையே உள்ள தூரம் நடந்தே கடக்கக்கூடியது. ஆனால் கடக்கப்படுவதில்லை. புதுச்சேரிக்கென்று தனிப் பாடத்திட்ட வாரியம் கிடையாது. நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களை வைத்தே பள்ளிகள் நடந்தன. பிறகு புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் படிப்படியாக சிபிஎஸ்இ முறைக்கு மாறின. முன்பு சென்னையில் எழுதிய புத்தகம், இப்போது டெல்லியைப் பார்த்து எழுதிய பாடம். இரண்டிலும் காலாப்பட்டு ஆயாவுக்கு இடமில்லை. படத்தில் வரும் நரிகூட வெள்ளை வால்நுனி கொண்ட ஐரோப்பியச் செந்நரி. நம் முந்திரிக்காட்டு ஓரங்களில் இரவில் ஊளையிடும் சாம்பல் பழுப்பு நரி அதில் இல்லை.

வரக்கூடிய மறுப்புகள்

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்பது 2021இல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தின் இலக்கு. பதிவேடுகளும் மதிப்பீடுகளும் வேறு. ஆனால் பொருள் புரிந்து வாசிப்பது என்பதே, எழுதாததையும் சேர்த்து வாசிப்பதுதான். நரி ஏன் புகழ்ந்தது என்று கதை எங்கும் சொல்வதில்லை, பிள்ளை தானாக ஊகிக்கிறது. எனவே நரியை விசாரிக்கும் நேரம் வாசிப்புப் பாடத்தின் கணக்கில்தான் வரும்.

பிள்ளைகள் பொய் பேசப் பழகிவிட மாட்டார்களா என்பது பெற்றோரின் கேள்வி. பொய் சொல்ல நரி தேவையில்லை, அது கதை கேட்பதற்கு முன்பே வந்துவிடுகிறது. உண்மையைப் பழக்க வேண்டுமானால், உண்மை சொன்ன பிள்ளையை அடிக்காமல் பாராட்டுங்கள். டொரன்டோ ஆய்வு காட்டியதும் அதுதான்.

மூன்றாவது மறுப்பை நானே எழுப்புகிறேன். நரி என்றால் வஞ்சகம், கழுதை என்றால் முட்டாள்தனம் என்று இனத்துக்கே முத்திரை குத்தும் பழக்கத்தை இந்தக் கதைகள் வளர்க்கின்றன. விளையாட்டு மைதானத்தில் அது ஒரு பிள்ளையின் பட்டப்பெயராகிறது, வளர்ந்த பிறகு ஒரு சமூகத்தின் மேல் எறியும் வசையாகிறது. இந்த ஆபத்து உண்மையானது. ‘நரி எப்படிப்பட்டது?’ என்ற தேர்வுக் கேள்விதான் அதை ஊட்டி வளர்க்கிறது. ‘இந்த நரி இங்கே என்ன செய்தது, ஏன்?’ என்று கேள்வியை மாற்றினால் முத்திரை கழன்று செயல் மட்டும் விசாரணைக்கு வரும். ஏமாந்த நரியின் கதை ஒன்றையும் கூடவே சொன்னால் இன்னும் நல்லது.

என்ன செய்யலாம்?

புதுச்சேரி பள்ளிக் கல்வி இயக்ககம் பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை மூன்று. ஒன்று, பல்கலைக்கழகத்தின் நாட்டுப்புறத் தொகுப்புகளிலிருந்தும், கடலோர ஊர்களின் முதியவர்களிடமிருந்தும் இருபது தந்திரக் கதைகளைத் தேர்ந்து, நீதி வரி இல்லாமல், புதுவைப் பேச்சுவழக்கின் சுவை கெடாமல் சிறு நூலாக்கி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கொடுப்பது. இரண்டு, வாரம் ஒரு பாடவேளையைக் கதைப் பஞ்சாயத்துக்கு ஒதுக்கி, மாதம் ஒருமுறை ஊர் ஆயாக்களை வகுப்புக்கு அழைப்பது. மூன்றாவதுதான் முக்கியம். தேர்வுத் தாளில் ‘கதையின் நீதி என்ன?’ என்ற கேள்வியை எடுத்துவிட்டு, ‘பாட்டியின் வழக்கில் உன் தீர்ப்பு என்ன? ஏன்?’ என்று கேட்பது. தீர்ப்புக்கு மதிப்பெண் வேண்டாம், அது நரிக்குச் சாதகமாகவே இருக்கட்டும். ஏன் என்பதற்கு மட்டும் மதிப்பெண் போடுங்கள். தேர்வில் என்ன கேட்கிறோமோ அதுதான் நம் வகுப்பறைகளில் நடக்கும். காரணம் கேட்டால், காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் வருவார்கள்.